ஐம்பது மைக்ரான்

கார் பெயின்டிங் என்றதும் எல்லாரும் ஸ்ப்ரே கன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எந்தக் கம்பெனி கன், கம்ப்ரசர் எவ்வளவு பெரியது, பூத் உண்டா இல்லையா. படம் எடுக்கிறவர்களும் அந்த நேரம் பார்த்துத்தான் போகிறார்கள். நிறம் புகையாகக் கிளம்பித் தகரத்தில் படிவது பார்க்க அழகுதான். நான் போனது அதற்கு அடுத்த வேலையைப் பார்க்க. அடித்த பெயின்ட் காய்ந்து, வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்கிற மாதிரி பளபளத்து நிற்கும் காரை ஒருவர் தண்ணீரும் தாளும் வைத்துத் தேய்த்து மங்கலாக்குகிறார். பிறகு அந்த மங்கலிலிருந்து வேறொரு பளபளப்பைக் கொண்டுவருகிறார்.

சென்னையில் பாடியிலிருந்து கொரட்டூர் பக்கம் போகும் தெருக்களில் லேத் பட்டறைகளும் பேட்டரி கடைகளும் நெருக்கியடித்து நிற்கும். அப்படி ஒரு தெருவின் கோடியில் அந்தக் கொட்டகை. தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், நான்காவது பக்கம் தெரு. பின்புறத்தில் பிளாஸ்டிக் படுதா கட்டிய பகுதிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பூத். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, படுதாவை இறக்கிவிட்டால் பூத் தயார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கார்த் தொழிற்சாலைகளில் வடிகட்டிய காற்றுக்குள் நின்று ரோபோக் கை பெயின்ட் அடிக்கிறது. அங்கேயே கடைசிப் பரிசோதனையில் தூசிப் பொட்டு கண்ணில் பட்டால் ஆள் வந்து தாளால் தேய்த்து பாலிஷ் போடத்தான் வேண்டும். தெருவைப் பார்த்து நிற்கும் கொட்டகைக்குள் எவ்வளவு வந்து உட்காரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் போனபோது நின்றிருந்தது ஒரு கறுப்பு அம்பாசிடர். உத்தரபாரா தொழிற்சாலையில் 2014இல் அந்த வண்டியின் உற்பத்தி நின்றுபோனது. இது அதற்கு வெகு காலம் முன்பு பிறந்தது. பதிவைப் புதுப்பிக்க வேண்டிய வருடம் என்பதால் உரிமையாளர் முழுக்க டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடிக்கக் கொடுத்திருந்தார். கறுப்பு எந்தப் பெயின்டருக்கும் பிடிக்காத நிறம். வெள்ளைக் கார் பல குற்றங்களை மூடிவைக்கும். கறுப்பு எதையும் மறைக்காது. அம்பாசிடரின் உடம்போ முழுக்க வளைவு. தட்டையான இடமென்று தேடினால் நம்பர் பிளேட்தான் கிடைக்கும்.

கொட்டகையில் கன் பிடிப்பவர் மேஸ்திரி. நாற்பது வயதிருக்கும். போர்டில் இருப்பது அவர் பெயர். தேய்க்கிற வேலை ஒரு பெரியவருடையது. வந்தவாசிப் பக்கம் ஊர். மேஸ்திரியைத் "தம்பி" என்கிறார், மேஸ்திரி அவரை "அண்ணே" என்கிறார். வயதில் மூத்தவர் கையில் தாளும் இளையவர் கையில் கன்னும் எப்படி வந்தன என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அது பிறகுதான் தெரிந்தது.

"இந்த டியூப்லைட்டப் பாருங்க சார்" என்று பெரியவர் கதவைக் காட்டினார். கூரையில் தொங்கிய விளக்கின் பிம்பம் கறுப்புக் கதவில் விழுந்திருந்தது. ஓரம் நேராக இல்லை, பொடிப் பொடியாக நெளிந்திருந்தது. பரப்பு முழுக்க மெல்லிய மேடுபள்ளம். ஆரஞ்சு பீல் என்பார்கள். கன்னிலிருந்து துளிகளாகப் பறந்து வரும் பெயின்ட், தகரத்தில் விழுந்ததும் ஒன்றோடொன்று கலந்து சமமாகப் பரவ வேண்டும். பரவுவதற்குள் தின்னர் ஆவியாகிவிட்டால் துளிகள் இருந்த இடத்திலேயே உறைந்துவிடும். காற்றழுத்தம் குறைந்தாலும், பெயின்ட் கெட்டியாக இருந்தாலும், கன்னைத் தள்ளிப் பிடித்தாலும் இதேதான். சென்னை வெயிலில் மெதுவாகக் காயும் தின்னர் போட்டுத்தான் சமாளிக்கிறார்கள். அப்படியும் ஏப்ரல், மே மாதங்களில் மேஸ்திரி காலை வெயில் ஏறுவதற்குள் கன்னைக் கழுவி வைத்துவிடுவாராம்.

பீல் தவிர, பானட்டில் நாலைந்து தூசிப் பொட்டுகள். பின்பக்க மட்கார்டில் ஒரு வழிசல், கண்ணீர்க் கோடு மாதிரி. பெரியவர் அந்த வழிசலை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டார். சுற்றிலும் டேப் ஒட்டினார். சவர பிளேடைச் சற்றே வளைத்துப் பிடித்து, சுரண்டுவது தெரியாத அளவுக்கு மேட்டை மட்டும் சீவினார். அந்தப் பத்து நிமிடமும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன்பிறகு வாளி வந்தது. இரண்டு வாளி. ஒன்றில் வாட்டர் பேப்பர்கள் ஊறிக்கொண்டிருந்தன. இன்னொன்று அலசுவதற்கு. ஊறும் தண்ணீரில் ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்து ஊற்றியிருந்தார். தாள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், எங்கும் கவ்வக்கூடாது. தாளைச் சுற்றிப் பிடிக்க ஒரு ரப்பர் கட்டை வேண்டும். கடையில் கிடைக்கிறது. ஆனால் அவருடையது பழைய ஹவாய் செருப்பை வெட்டிச் செய்தது. வளைவுக்குத் தகுந்தாற்போல அது வளைந்துகொடுக்கும் என்கிறார். வெறும் விரலால் தேய்த்தால் விரல் அழுந்துகிற இடம் மட்டும் பள்ளமாகும். அந்தப் பள்ளத்தைப் பிறகு எந்தப் பாலிஷும் மறைக்காது.

தாள் போகிற திசை எப்போதும் நேர்கோடு. வட்டமாகச் சுற்றுவதில்லை. முதலில் 1500ஆம் நம்பர், ஒரு திசையில். பிறகு 2000, அதற்குக் குறுக்கே. முந்தைய தாள் போட்ட கோடுகள் எல்லாம் போய்விட்டனவா என்று கண்டுபிடிக்க இந்தக் குறுக்குத் திசைதான் வழி. கடைசியாக 3000. நம்பர் கூடக் கூடத் துகள் சிறியது. 1500இல் துகள் சராசரியாக 12 மைக்ரானுக்குச் சற்று மேல், 2000இல் ஏறக்குறைய 10. கேட்டால் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. தேய்த்த கதவைத் தொட்டுப் பார்த்தால் தெரிகிறது.

நாலு இழுப்பு இழுத்ததும் பழைய வைப்பர் ரப்பரால் தண்ணீரை வழித்துப் பார்ப்பார். ஈரத்தில் எல்லாமே பளபளக்கும் என்பதால் வழித்தால்தான் உண்மை தெரியும். தாள் பட்ட மேடுகள் சாம்பல் நிறமாக மங்கியிருக்கும். தாள் எட்டாத பள்ளங்கள் புள்ளி புள்ளியாகக் கறுத்து மின்னும். மின்னும் புள்ளிகள் எல்லாம் மறையும்வரை தேய்க்க வேண்டும், மறைந்த மறு இழுப்பில் நிறுத்திவிட வேண்டும். தேய்க்கத் தேய்க்க தாளுக்கடியிலிருந்து வெள்ளையாக ஒரு நீர் வடிந்துகொண்டே இருந்தது.

"பால் வெள்ளையா வர்ற வரைக்கும் பயமில்ல சார். கறுப்பு வந்துச்சுன்னா கதை முடிஞ்சது."

அந்த வண்டியில் கறுப்புக்கு மேலே நிறமில்லாத கிளியர் இரண்டு கோட் இருந்தது. காய்ந்தபின் அது நிற்கும் கனம் ஏறக்குறைய 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 என்று கணக்கு. பளபளப்பும் இதில்தான், வெயிலைத் தடுக்கும் சரக்கும் இதில்தான். தேய்ப்பவர் இந்த 50க்குள்ளேயே பீலை எடுக்க வேண்டும், தாள் போட்ட கோட்டை எடுக்க வேண்டும், அதன்பிறகும் பல வருட வெயிலுக்கு மீதி வைக்க வேண்டும். வடிகிற வெள்ளை நீர் கிளியரின் பொடி. கறுப்பு வந்தால் கிளியர் முடிந்து நிறம் தொட்டாகிவிட்டது. அந்தக் கதவையே மறுபடி அடிக்க வேண்டும். கறுப்பு வராமலே கிளியர் மெலிந்துபோவது அதைவிட மோசம். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நாலைந்து வருடம் கழித்து, கூரையிலும் பானட்டிலும் தோல் உரிந்து வெள்ளைத் திட்டுகளோடு போகும் கார்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல வெயிலால் மட்டும் கெட்டவை அல்ல. தேய்த்துத் தேய்த்துக் கிளியரை மெலியவிட்டவை.

கனத்தை அளக்கக் கருவி உண்டு. பழைய கார் வாங்குகிறவர்கள் இப்போது பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். இந்தக் கொட்டகையில் இல்லை. இருந்தாலும் அம்பாசிடரின் முனைகளில், அந்த மடிப்பு விளிம்புகளில், அதை நேராக வைத்துப் பார்க்க முடியாது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. திரவம் எதுவானாலும் கூர்மையான விளிம்பிலிருந்து விலகித்தான் நிற்கும், அதனால் விளிம்பில் கிளியர் எப்போதும் மெல்லியது. தாளின் அழுத்தமோ அங்கேதான் அதிகம். பெரியவர் பானட்டின் நடு மடிப்பிலும் கதவு விளிம்புகளிலும் முன்னதாகவே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டார். சமப்பகுதி முடிந்தபின் டேப்பை உரித்து, அந்த இடத்தை மட்டும் 3000 தாளால், கட்டை இல்லாமல், இரண்டே தடவு தடவிவிட்டார்.

கூட ஒரு பையன் இருந்தான். பீகாரிலிருந்து வந்து ஒரு வருடம் ஆகவில்லை. அவன் கையிலிருந்து தாள் நழுவித் தரையில் விழுந்தது. எடுத்து வாளியில் முக்கப் போனவனைப் பெரியவர் "ஏய்!" என்று அதட்டி, தாளைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார். முழுத் தாள், புதுசு. தரையிலிருந்து ஒரு மணல் ஒட்டிக்கொண்டு வந்தாலும் அது கதவில் ஒரு நீளக் கோடு கிழிக்கும், அதை எடுக்க 1500க்குத் திரும்பிப் போக வேண்டும், அதற்கு இன்னும் சில மைக்ரான் செலவாகும். பையனுக்கு இதையெல்லாம் அவர் விளக்கவில்லை. "கீழ விழுந்தது கீழதான்" என்றார், அரைகுறை இந்தியில்.

இந்தத் தாளுக்கே ஒரு கதை இருக்கிறது. 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் ஆச்சசன் களிமண்ணையும் கரிக்கோக்கையும் மின்சாரத்தால் பழுக்கக் காய்ச்சி வைரம் செய்யப் பார்த்தார். வைரம் வரவில்லை, சிலிக்கான் கார்பைடு வந்தது. கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். முப்பது வருடம் கழித்து, பிலடெல்பியாவில் அச்சு மை செய்துகொண்டிருந்த ஃபிரான்சிஸ் ஓக்கி என்பவர் தண்ணீரில் ஊறினாலும் துகள் உதிராத தாளைக் கண்டுபிடித்தார். 1921இல் த்ரீ எம் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு கார்ப் பட்டறைகளில் உலர்ந்த தாளால்தான் தேய்த்தார்கள். அந்தக் காலப் பெயின்டில் ஈயம் உண்டு. கிளம்பிய தூசியெல்லாம் தேய்த்தவர்களின் நெஞ்சுக்குள் போனது. தண்ணீர் வந்ததும் தூசி சேறாகி வாளிக்குள் அடங்கியது. சென்னைக்கும் இதில் பங்குண்டு: முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகளோடு சேர்ந்து 1954இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் இந்த ஊர்க் கம்பெனிதான். பெயரில் ஆச்சசனின் சரக்கு அப்படியே இருக்கிறது.

பெரியவர் வேலைக்கு வந்த காலத்தில் கிளியர் என்பது கிடையாது. எல்லாம் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட், அவர் சொல்கிறபடி டியூகோ. டூபான்ட் கம்பெனி 1920களில் கொண்டுவந்த அந்தப் பெயின்ட் ஓக்லேண்ட் என்ற அமெரிக்கக் காரில் முதலில் ஏறி, வாரக்கணக்கில் நடந்த வேலையைச் சுருக்கிவிட்டது. நம்மூரில் மரச்சாமான் கடைகளில் இன்னும் அந்தப் பெயர் புழங்குகிறது. டியூகோ அடித்த கையோடு பளபளக்காது. கோட் மேல் கோட் அடித்து, ஒவ்வொன்றையும் தேய்த்து, கடைசியில் கம்பவுண்டு போட்டுத் துணியால் மினுக்கினால்தான் முகம் தெரியும். மழைக்காலத்தில் அடித்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு வெளுத்துப்போகும். "அப்பல்லாம் தேய்க்காத பெயின்டரே கிடையாது சார். தேய்க்கத் தெரிஞ்சவன் கையிலதான் கன்னையே குடுப்பாங்க."

இப்போதைய, ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூகே பெயின்ட் கன்னிலிருந்து வரும்போதே பளபளக்கிறது. அதனால் தேய்ப்பது தேவையில்லாத ஆடம்பரம் என்று வண்டிக்காரர்கள் நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். பில்லைப் பார்த்தேன். டிங்கரிங் ஒரு வரி, பட்டி, பிரைமர் ஒரு வரி, பெயின்டிங் ஒரு வரி. மூன்று நாள் தேய்ப்பு பெயின்டிங்குக்குள் அடக்கம். தேய்ப்புக்குத் தனி வரி போட வேண்டும் என்பது என் கட்சி. பில்லில் இல்லாத வேலைக்குப் பேரம் பேசவும் முடியாது, கூலி உயர்த்திக் கேட்கவும் முடியாது. மேஸ்திரியிடம் சொன்னேன். "தனியா எழுதினா அதை வேணாம்னு அடிச்சிடுவாங்க சார்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

பெயின்ட் அடித்த மறுநாளே தேய்க்க ஆரம்பித்துவிடக்கூடாது என்பதில் இருவரும் ஒரே பேச்சு. அறுபது டிகிரியில் அரை மணி நேரம் சுடவைக்கும் சூளை பூத் இருந்தால் மறுநாள் தொடலாம். இங்கே காற்றில் காய்வதுதான். உள்ளே தின்னர் மிச்சமிருக்கும்போது தேய்த்து மினுக்கினால், அன்றைக்குக் கண்ணாடி. மாதம் கழித்து மிச்சத் தின்னர் வெளியேறிப் பெயின்ட் சுருங்கும்போது, அடங்கிக் கிடந்த தாள்கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அவசரப்படுத்தி வாங்கிப்போகிற வண்டிகள்தான் தீபாவளிக்குத் திரும்பி வருமாம்.

மூன்று தாளும் முடிந்தபோது அம்பாசிடர் முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது, கரும்பலகையைப் போல. விவரம் தெரியாதவர் பார்த்தால் வண்டி பாழாகிவிட்டது என்று அலறுவார். பெரியவர் மெல்லிய கேரி பேக் ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு கதவைத் தடவினார். தோல் பிடித்து இழுக்காமல் கவர் வழுக்குவதால் சின்ன முள்கூடத் தெளிவாகத் தெரியும் என்றார். ஸ்டாக்ஹோமில் கேடிஹெச் தொழில்நுட்பக் கழகத்தினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வழுவழுப்பான பரப்பையும் 13 நானோமீட்டர் உயர நெளிவுள்ள பரப்பையும் மனித விரல் பிரித்து அறிந்தது. மைக்ரானில் சொன்னால் 0.013. அந்தக் கையை ஒரு ரூபாய் கேரி பேக்குக்குள் விட்டுப் பெரியவர் கதவை அளந்துகொண்டிருந்தார்.

ஆனால் அதே விரல்களை ரேஷன் கடை மிஷின் ஏற்றுக்கொள்வதில்லை. வருடக்கணக்காகத் தண்ணீரில் ஊறித் தாளில் தேய்ந்து ரேகை மழுங்கிவிட்டது. அரிசி வாங்க வீட்டம்மாதான் போக வேண்டும். இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தப் பேச்சில்தான் கன்னை விட்ட காரணமும் வந்தது. டூகேயில் கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அடிக்கும்போது மூச்சில் போனால் சிலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பும். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே இழுக்கும். வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் முகமூடிதான் சரியான பாதுகாப்பு. அவர் கட்டியிருந்தது கைக்குட்டை. ஒரு ராத்திரி மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் கன்னைத் தொடக்கூடாது என்றுவிட்டார். அன்றிலிருந்து தாள். மேஸ்திரி அடிக்கிற நாளில் அவர் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். மேஸ்திரியும் இன்றுவரை கட்டுவது கைக்குட்டைதான். எனக்கு அது தாங்கவில்லை, சொல்லியும் விட்டேன். இருவருமே பதில் சொல்லவில்லை.

கம்பவுண்டு வேலை சத்தமான வேலை. கம்பளி பேட் மாட்டிய மிஷின், நிமிடத்துக்கு ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு சுற்று. கம்பவுண்டில் இருப்பதும் துகள்தான், தாளைவிட மிகப் பொடி. ஒளியின் அலைநீளம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. பரப்பில் உள்ள கீறல் அதைவிடச் சிறிதாகும்வரை ஒளி சிதறி மங்கலாகத்தான் தெரியும். அந்த அளவுக்குக் கீழே போனதும் சிதறல் நின்று பிம்பம் வந்துவிடுகிறது. இதைப் படித்திருந்தேன். நேரில் பார்ப்பது வேறு. சாம்பல் கதவின் நடுவே மிஷின் போய் வந்த இடத்தில் ஒரு முழ அகலத்துக்குக் கறுப்பு திறந்துகொண்டது. அதற்குள் கொட்டகையின் கூரை, டியூப்லைட், எதிர்க்கடைப் பலகையின் எழுத்துகள் எல்லாம் இடவலம் மாறித் தெரிந்தன. விளக்கின் ஓரம் இப்போது ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி இருந்தது.

மிஷினை ஒரே இடத்தில் நிறுத்தினால் சூட்டில் பெயின்ட் வெந்துவிடும். விளிம்பில் பேட் எப்போதும் வெளியே பார்த்துச் சுழல வேண்டும், உள்ளே பார்த்தால் விளிம்பை வழித்துக்கொண்டு போகும். கம்பளிக்குப் பிறகு ஸ்பாஞ்சு பேட், அதற்கு இன்னும் மெல்லிய பாலிஷ். கம்பளி விட்டுப்போன சுழிகள் டியூப்லைட்டில் தெரியாது. வண்டியைத் தெருவுக்குத் தள்ளி வெயிலில் வைத்தால் சிலந்திவலை மாதிரி எழும்பும். அதற்காகவே மதிய வெயிலுக்குக் காத்திருந்தார்கள். கடைசி அலசலுக்கு மட்டும் போர் தண்ணீரைத் தொடுவதில்லை. அந்தப் பக்கத்துத் தண்ணீரில் உப்பு அதிகம். காய்ந்தால் கறுப்பில் வெள்ளை வட்டங்கள் விழும். கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். காரைக் குளிப்பாட்ட, குடிக்கிற தண்ணீர். அதற்கும் பில்லில் வரி இல்லை.

சாயங்காலம் உரிமையாளர் வந்தார், ஓய்வுபெற்ற ஆசிரியர். வண்டியை இரண்டு சுற்று சுற்றினார். பானட்டில் தன் முகத்தைப் பார்த்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். திருப்திதான் என்று நினைத்தேன். இடது பின்கதவின் மேல்விளிம்பில் அவர் விரல் நின்றது.

"இங்க ஒண்ணு குத்துதே."

"தெரியும் சார்" என்றார் பெரியவர். "தூசிப் பொட்டு. வேணும்னுதான் விட்டேன்."

"வேணும்னா?"

"அந்த மடிப்புல கிளியர் கம்மி. எடுத்தா இன்னைக்கு வழவழன்னு இருக்கும். ரெண்டு கோடை தாங்காது, அங்கதான் முதல்ல உரியும். பொட்டு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். உரிஞ்சா ஊருக்கே தெரியும்."

ஆசிரியர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி, "எடுத்துக் குடுத்துடுங்கண்ணே, சார் பிரியப்படுறாரு" என்றார்.

"நீ வேணா எடு தம்பி. நான் கை வெக்க மாட்டேன்."

மேஸ்திரி போய் அந்த விளிம்பைக் கட்டைவிரலால் இரண்டு முறை தடவினார். வாளியில் ஊறிக்கொண்டிருந்த தாளைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"அப்ப நூறு ரூபா குறைச்சுக்கறேன்" என்றார் ஆசிரியர்.

"குறைச்சுக்குங்க சார்."

மேஸ்திரி பில் புத்தகத்தைத் திறந்து, பெயின்டிங் என்ற வரிக்கு எதிரே இருந்த தொகையை அடித்துவிட்டு, நூறு குறைத்து எழுதினார்.